என் பெயரில் பேசியவர்

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்திருந்தவர், கசங்காத வெள்ளைச் சட்டையில் இருப்பார். போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். சிம் கார்டுக்காக என் வாக்காளர் அட்டை நகலையும் புகைப்படங்களையும் அவரிடம்தான் கொடுத்திருந்தேன்.

ரீசார்ஜ் செய்யப் போனபோது, தொழிற்சாலை விடுதியில் தங்கியிருந்த மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி முகவரிச் சான்று இல்லாமல் சிம் கேட்டாள். அவர் விண்ணப்பத்தில் ஒட்டியது என் முகத்தை.

“என்னய்யா இது?”

“கோவிச்சுக்காதீங்க சார். ரிட்டையர்டு ஆபீசருன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. பாகலூர் வரைக்கும் உங்க பேர்லதான் பேசிட்டிருக்காங்க.”

“சிம் கம்பெனியில விசாரிச்சா?”

“விண்ணப்பத்துல குடுத்திருக்கிற என் நம்பருக்குத்தான் போடுவாங்க. நான்தான் நீங்கன்னு சொல்லிடுவேன். உங்கப்பா பேரு, பொறந்த தேதி எல்லாம் மனப்பாடம் சார்.”

“அம்மாகிட்டப் பேசத்தாங்க சார்,” என்றாள் அந்தப் பெண்.

அன்றே கம்பெனிக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் புகார் அனுப்பினேன். பதில் இல்லை. நேரில் போனேன்.

“நேத்தே உங்ககிட்டப் பேசிட்டோமே சார்,” என்றார் கணினி முன் இருந்த பெண் ஊழியர். “எல்லா சிம்மும் வீட்டு ஆளுங்களுதுன்னு சொல்லி, புகாரை வாபஸ் வாங்கிட்டீங்களே.”

“பேசினது நான் இல்லம்மா.”

“அப்ப உங்க பொறந்த தேதி சொல்லுங்க.”

பதற்றத்தில், என் அம்மா சொன்ன தேதியைச் சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த தேதி.

“பொருந்தலையே. நீங்க யாரு சார்?”

கடைக்காரர் இந்தத் தவறைச் செய்திருக்கவே மாட்டார்.