ஞாயிற்றுக்கிழமை விரல்

போன திங்கட்கிழமை மதியம் மஞ்சூரிலிருந்து ஒரு போன். என் மனைவியின் தங்கை ஸ்டெல்லா. குரலில் அழுகை.

“மாமா, அந்தப் பெட்டி தொறக்க மாட்டேங்குதுங்க!”

பெட்டி என்று அவள் சொல்வது பாஸ்வேர்ட் மேனேஜரை. நம்முடைய எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கிற ஆப். அவளுக்கு அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மகானுபாவர் யார்? அடியேன்தான்.

ஸ்டெல்லா எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறாள். புதுப் போன் வாங்கியதும் பாஸ்வேர்டுகள் பாதி அதில், பாதி வீட்டு லேப்டாப்பில் என்று சிதறிவிட்டன. “எதுல பாத்தாலும் கெடைக்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்க மாமா” என்றாள்.

விடுவேனா? போனில் ஓடுமா, லேப்டாப்பில் ஓடுமா, மழையில் டவர் போனாலும் திறக்குமா... மாப்பிள்ளை பார்ப்பதுபோல் விசாரித்தேன். ஞாயிறு சர்ச் முடிந்து குன்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவளின் கட்டைவிரலைப் பதிவு செய்தேன். தொட்டதும் திறந்தது. எனக்கு ஒரே பெருமை!

மறுநாள்தான் சோதனை. கோவையில் நர்சிங் சேர்ந்திருக்கும் ஸ்டெல்லாவின் மகளுக்கு ஹாஸ்டல் இடத்தை மாலை ஐந்துக்குள் உறுதி செய்ய வேண்டும் என்று கல்லூரியிலிருந்து தகவல். தவறினால் இடம் அடுத்தவருக்கு. கல்லூரி வெப்சைட்டின் பாஸ்வேர்ட் பெட்டிக்குள். அதை மாற்றலாம் என்றால், மாற்றுவதற்கான லிங்க் வரும் இமெயிலின் பாஸ்வேர்டும் பெட்டிக்குள்!

“லேப்டாப்புல பாரும்மா.”

“அது பெட்டியத் தொறக்கற மெயின் பாஸ்வேர்டக் கேக்குதுங்க. பதட்டத்துல மறந்தே போச்சுங்க.”

அதை யாரிடமும் சொல்லாதே, என்னிடம்கூட — என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சொன்னபடியே நடந்திருக்கிறாள்.

ஆனால் விரல் என்ன ஆயிற்று? நேற்று திறந்த விரல்தானே? கேட்கக் கேட்கத்தான் புரிந்தது. காலையிலிருந்து கொழுந்து பறித்த கை. கட்டைவிரலில் கறை, வெடிப்பு, போதாததற்குக் குளிர். நான் பதிந்ததோ சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, சர்ச்சுக்குப் போய்வந்த விரல். ஸ்டெல்லாவுக்கு அது வாரத்தில் ஒரு நாள்தான் இருக்கிறது!

லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். வெந்நீரில் கையை ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து, துடைத்து, வைத்து... ஐந்து அடிப்பதற்குச் சற்று முன் திறந்தது. இடம் கிடைத்துவிட்டது. இங்கே நான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

மறுநாளே பஸ் பிடித்து மஞ்சூர் போனேன். பறிக்கும்போது எந்த விரலுக்கு வேலை குறைவு என்று வழியெல்லாம் யோசனை. சுண்டுவிரல்தான் என்றாள் ஸ்டெல்லா, தோட்டத்திலிருந்து அப்படியே வந்து நின்று.

“சரி, போய்க் கையைக் கழுவிட்டு வாம்மா, பதிஞ்சுடலாம்.”

கறை படிந்த கையை அப்படியே நீட்டினாள்.

“கழுவ வேண்டாமுங்க மாமா. இதுதானுங்க என் கை.”