கூரை திறக்கும் மாடலும் மலையில் நிற்கும் மாடலும்

கார் ஷோரூம்ல வண்டிய விக்கிறவருக்குக் கைதட்டு, வித்த வண்டிய விளக்கிச் சொல்றவளுக்குத் திட்டு. நான் ரெண்டாவது ரகம்.

பேரு கலைவாணி. கள்ளக்குறிச்சியில ஒரு ஷோரூம்ல, டெலிவரி அன்னிக்கு வண்டியோட வசதிகள ஒண்ணொண்ணா காட்டிச் சொல்லித் தர்றது என் வேலை. நீங்களும் பேங்க் கவுண்டர்லயோ, கரண்ட் ஆபீஸ்லயோ, செல்போன் கடையிலயோ உட்கார்ந்து, ஒரே விஷயத்த நாள் முழுக்கத் தொண்டத் தண்ணி வத்தச் சொல்லிட்டு, கடைசியில "எங்கிட்ட யாருமே சொல்லலியே"ன்னு வாங்கிக் கட்டிக்கிற ஆளா? அப்ப வாங்க, பக்கத்துல உட்காருங்க. நாமெல்லாம் சொந்தக்காரங்க.

நாங்க விக்கிறது குடும்ப வண்டி. கார்னு சொன்னா கொஞ்சம் உசரம், ஜீப்புன்னு சொன்னா கொஞ்சம் குட்டை. பேஸ் மாடல் ஒண்ணு, டாப் மாடல் ஒண்ணு, நடுவுல ரெண்டு. அந்த நடு ரெண்டுக்கும் விலை ஒண்ணுதான். ஒண்ணுல கூரை திறக்கும். இன்னொண்ணுல கூரை திறக்காது. அதுக்குப் பதிலா பக்கவாட்டுல கூடுதல் ஏர்பேக், அப்புறம் மேட்டுல நிறுத்தி எடுக்கறப்ப வண்டி பின்னால உருளாம பிடிச்சிக்கிற வசதி. இதுல எது ஜாஸ்தி விக்குதுன்னு நான் சொல்லணுமா? வானத்தப் பார்க்க நம்ம சனத்துக்கு இவ்வளவு ஆசை இருக்குன்னு இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சிக்கிட்டேன்.

டெலிவரி முடிஞ்சு கொஞ்ச நாள்ல வாடிக்கையாளருக்குக் கம்பெனியிலருந்து போன் வரும். வசதிகள எல்லாம் விளக்கினாங்களான்னு கேப்பாங்க. 'ஆமா'ன்னு சொன்னா எனக்கு ஒரு டீகூடக் கிடையாது. 'இல்ல'ன்னு சொன்னா மேனேஜர் ஞானசேகர் சார் ரூமுக்கு வரச் சொல்லுவாரு. ரெண்டு 'இல்ல' சேர்ந்துச்சுன்னா, உளுந்தூர்பேட்டையில இருக்கிற எங்க பழைய வண்டி யார்டுக்கு மாத்திடுவாங்க. மாத்தினா இன்னாங்கிறீங்களா? வூட்டுக்காரரு சென்னையில வேலை. ஷோரூம்லருந்து என் வூடு நடக்கிற தூரம். பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு ஓடிப்போய்க் கதவத் தொறந்து, தட்டுல எதையாவது போட்டுக் குடுத்துட்டு ஓடியாந்துடுவேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு அந்த நாளே. அது ஊரான் வாயிலருந்து வர்ற ஒரு 'ஆமா'வுல தொங்கிக்கினு இருந்துச்சு.

ஒட்டின கூரை

மூங்கில்துறைப்பட்டு பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருத்தரு பேஸ் மாடல் எடுத்தாரு. தங்கமான மனுஷன், நான் சொன்ன எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. அடுத்த வாரம் அதே வண்டி உள்ள வருது, கூரையில கறுப்பா பளபளன்னு கண்ணாடி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பேஸ் மாடல்ல ஏது கண்ணாடிக் கூரை? கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தா, ஸ்டிக்கரு. டிக்கியில டாப் மாடலோட எழுத்து வேற ஒட்டியிருக்கு. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, நம்ம பக்கத்துல பேஸ் மாடல் வாங்கினவங்க யாருமே கிடையாது. எங்ககிட்டருந்து பேஸா கிளம்புற வண்டி, ஸ்டிக்கர் கடையத் தாண்டும்போது டாப் ஆயிடும்.

இவருக்கு வந்த கஷ்டம் என்னன்னா, சர்க்கரை ஆலை வாசல்ல டிராக்டரெல்லாம் வரிசை கட்டி நிக்கிற எடத்துல, அத்தன பேரு முன்னாடியும் அவரு மச்சான் வண்டியில ஏறி உட்கார்ந்துட்டு, "மாமா, கூரையத் தொறங்க, எட்டிப் பாக்கறேன்"னு கேட்டுட்டாராம். இவரு பட்டனத் தேடுறாப்பல ரொம்ப நேரம் தேடியிருக்காரு. பாவம், எவ்வளவு நேரம்தான் தேடுவாரு? "நான் இப்ப இன்னா பண்ணணும்ங்க ஐயா?"ன்னேன். குரலக் கம்மி பண்ணிக்கினு சொன்னாரு: "ஒண்ணும் வாணாம்மா, மச்சான் போன் பண்ணா கூரை ரிப்பேரு, சாமான் இன்னும் வரலன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடு."

நாலு கண்ணுக்கும் பொட்டு

எலவனாசூர்கோட்டைக் குடும்பம், நெசமாவே டாப் மாடல். நாலு பக்கமும் கேமரா இருக்கும். வண்டிய மேலருந்து பார்க்கிறாப்பல உள்ள திரையில தெரியும். எடுத்த மறுநாளே கூட்டமா வந்து எறங்கிட்டாங்க. "நாலு பக்கமும் மஞ்சளா மூட்டமா தெரியுது, கேமரா டூப்ளிகேட்டு"ன்னு ஒரே சத்தம். வெளிய போய்ப் பார்த்தேன். கோயில்ல பூஜை போட்டிருக்காங்க, நல்ல விஷயம். முன்னாடி ஆளு உசரத்துக்கு மாலை. அது சென்சார மறைச்சிக்கினு தொங்க, எதுவோ முட்ட வருதுன்னு வண்டி பீப் பீப்னு பயந்து கத்திக்கினு இருக்கு. நாலு கேமராவுலயும் கட்டியா சந்தனம், நடுவுல குங்குமம், அதுவும் நேரா லென்ஸு மேலயே!

வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு யோசனை: பொட்ட பானெட்டுல வைங்க, சாமி கோச்சிக்காது. நான் ஈரத்துணிய எடுத்துத் துடைக்கப் போனேன். வண்டிக்காரரோட அம்மா குறுக்க வந்து நின்னுட்டாங்க. "இது இருந்தா வண்டிக்குக் கண்ணு தெரியாதுங்கம்மா"ன்னேன். என்ன ஏற இறங்கப் பார்த்தாங்க. "நாலு கண்ணு இருக்கற வண்டிக்கு நாலு பொட்டு வெக்காம, ஊரு கண்ணு படட்டும்னு வுட்டுடச் சொல்றியா?"

தள்ளிக்கினு வந்த வண்டி

அரிசி மண்டிக்காரர் ஒருத்தரு. டெலிவரி அன்னிக்கு மாலை என்ன, கேக்கு என்ன, வீடியோ என்ன! நான் பாட்டுக்குச் சொல்றேன்: "சிக்னல்ல நியூட்ரல் போட்டு நின்னா என்ஜின் தானா அணைஞ்சிக்கும் சார், டீசல் மிச்சமாவும். கிளட்ச மிதிச்சா தானா எடுத்துக்கும். பயந்துடாதீங்க. வாணாம்னா இந்தப் பட்டன அமுக்கிடுங்க." அவரு சொன்ன பதில், "கொஞ்சம் தள்ளிக்க பாப்பா, போட்டோவுல நீ விழுற."

ரெண்டு நாள் கழிச்சு நான்கு முனைச் சந்திப்புல வண்டி அணைஞ்சிருக்கு. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்க, இவரு பதறிப் போய்க் கதவத் தொறந்து இறங்கிட்டாரு. கிளட்ச மிதிக்கிற யோசனையே வரல. ஆளுங்களப் புடிச்சு, புது வண்டிய, மாலை வாடுறதுக்கு முன்னாடி, ஷோரூம் வாசல் வரைக்கும் தள்ளியாந்துட்டாரு. நான் ஏறி உட்கார்ந்து கிளட்ச மிதிச்சு ஸ்டார்ட் பட்டன அமுக்கினேன். எடுத்துக்கிச்சு. தள்ளிக்கினு வந்தவங்க எல்லாம் வேர்வையத் துடைச்சிக்கினு அவரையே பார்த்தாங்க. நான் யாரையும் பார்க்கல, எனக்கு எதுக்கு வம்பு?

ஆனாலும் வம்பு வந்துச்சு. கம்பெனி போன்ல மனுஷன் சத்தமா 'இல்ல'ன்னு சொல்லிட்டாரு. ஞானசேகர் சார் கூப்ட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே முடிச்சிட்டாரு: "இது ஒண்ணு. இன்னொண்ணு வந்துச்சுன்னா, உளுந்தூர்பேட்டைக்குக் காலையில மொத பஸ் எப்பன்னு கேட்டு வெச்சிக்கம்மா."

டீச்சர் கேட்ட கேள்வி

ரேவதி டீச்சருக்கு வெள்ளிமலைப் பக்கம், மலைமேல ஸ்கூல்ல வேலை. அவங்க வூட்டுக்காரர் குமரவேல் இங்க உரக்கடை வெச்சிருக்காரு. ரெண்டு பிள்ளைங்க. குமரவேல் சாரு உள்ள நுழையும்போதே முடிவு பண்ணிட்டு வந்தாரு, கூரை திறக்கிற மாடல்தான்னு. பிள்ளைங்க தலைய வெளிய நீட்டிக்கினு நிக்க, அவரு ஊருக்குள்ள வண்டி ஓட்டணுமாம். ஓடுற வண்டியில அப்படி நிக்க வெக்கக் கூடாதுன்னு நான் சொல்றது, ஏசி சத்தத்துல யார் காதுலயும் விழாது.

அப்பதான் டீச்சர் கேட்டாங்க: "மலையில கொண்டை ஊசி வளைவுல முன்னாடி போற பஸ் நின்னுடும். நாமளும் மேட்டுல நின்னு எடுக்கணும். எந்த மாடல்ல வண்டி பின்னால போவாதுங்க?" எனக்கு அழுகையே வந்துடும் போல ஆயிடுச்சு. நான் இந்த வேலைக்கு வந்ததுலருந்து இந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டதில்லைங்க! சேல்ஸ் பையன் அந்தப் பக்கம் நின்னு கண்ணக் காட்டுறான், வாய மூடுன்னு. கூரை மாடல்தான் கையில ஸ்டாக்கு இருக்கு. விக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்கக் கூடாது, அது எனக்கே தெரியும். தொறந்துட்டேன். கூரை திறக்காத மாடலக் காட்டினேன். அது ரெண்டு மூணு நொடிதான் பிடிச்சிக்கும், அதுக்குள்ள எடுத்துடணும், நிறுத்தி வெக்கணும்னா ஹேண்ட் பிரேக்குதான்னு அதையும் மறைக்காம சொன்னேன். டீச்சர், "இதுதான்"னு எழுந்துட்டாங்க.

டெலிவரி அன்னிக்கு நான் விளக்க விளக்க டீச்சர் ஒவ்வொண்ணா தானே போட்டுப் பார்த்து, சந்தேகம் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டாங்க. குமரவேல் சாரு அந்தப் பக்கம் நின்னுக்கினு, யூரியா லோடு எங்க வருதுன்னு போன்ல பேசிக்கினே இருந்தாரு. "சார், ஒரு நிமிஷம் வாங்க"ன்னு கெஞ்சினேன், வரல. கிளம்பும்போது மட்டும் கிட்ட வந்தாரு: "என் வண்டிக்குக் கூரைய மூடுனவ நீதானம்மா, போன் வரும்ல, பாத்துக்கறேன்."

பின்னால போவாத ரிப்பேரு

நல்ல மழை பெஞ்ச வாரம். குமரவேல் சாரு விருட்டுன்னு உள்ள வந்தாரு, பின்னாலயே டீச்சர். "பிரேக்கு ஒட்டிக்கிது. புது வண்டியிலயே ரிப்பேரு. இன்னா வண்டி விக்கிறீங்க?"ன்னு கத்துறாரு. நடந்தத டீச்சர்தான் சொன்னாங்க. குடும்பத்தோட மலை ஏறிக்கினு இருந்திருக்காங்க, ஓட்டினது சாரு. ஒரு வளைவுல, மரவள்ளிக் கிழங்கு ஏத்தின லாரிக்கு வழிவிட முன்னாடி பஸ் நின்னுடுச்சு. இவங்களும் நின்னாங்க. பின்னாடி ஒட்டினாப்பல ஒரு பைக்கு. ஓட்டுறவரு, பின்னால அவரு பொண்டாட்டி, நடுவுல பிளாஸ்டிக் ஷீட்டப் போத்திக்கினு ஒரு கொழந்த. பஸ் நகர்ந்ததும் சாரு பிரேக்குலருந்து கால எடுத்துட்டு, கிளட்சு வேற சரியா கிடைக்காம தடுமாறியிருக்காரு.

"கால எடுத்தா பின்னால போவணுமா இல்லயா? போவல! எதுவோ புடிச்சிக்கினு நின்னுச்சு"ன்னு மேசையத் தட்டுறாரு. எனக்கு அந்தக் கொழந்ததான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கூரை மாடலா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு டீச்சரும் நெனச்சிருக்கணும், என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. "சார், அது ரிப்பேரு இல்ல. அதுக்காகத்தான் இந்த மாடலே எடுத்தீங்க"ன்னு மெதுவா சொன்னேன். சாரு வண்டியப் பார்த்தாரு, என்னப் பார்த்தாரு, டீச்சரப் பார்க்கல. அப்புறம் சட்டைக் காலர இழுத்து வுட்டுக்கினு சொன்னாரு: "புடிச்சது வண்டி ஒண்ணும் இல்ல, என் காலு, டிராக்டர் ஓட்டுன காலும்மா இது."

வந்துச்சு போன்

அவரு காபி குடிச்சிக்கினு இருக்கும்போதே அந்தப் போன் வந்துச்சு. நம்மாளுங்க யாரு போன காதுல வெச்சுப் பேசுறாங்க? ஸ்பீக்கர்ல போட்டாரு. ஷோரூமே கேக்குது. வணக்கம் சொல்லிட்டு கம்பெனிப் பொண்ணு கேட்டுச்சு, வண்டியோட வசதிகள எல்லாம் உங்களுக்கு விளக்கினாங்களான்னு. சாரு என்னப் பார்த்தாரு. நெஜமா சொல்றேன், பழி வாங்கற பார்வை இல்ல அது. யோசிச்சு, நேர்மையா பதில் சொன்னாரு. "எனக்கு ஒண்ணும் வெளக்கலிங்க. எங்க வூட்டம்மாவுக்குத்தான் வெளக்குனாங்க." உங்க பேருலதான் வண்டி இருக்கு, உங்களுக்கு விளக்கினாங்களா, ஆமாவா இல்லையான்னு அது திரும்பக் கேட்டுச்சு. "எனக்கு இல்ல"ன்னாரு. பொய்யா? இல்லையே! டீச்சர் பாய்ஞ்சு போனப் புடுங்கி, "ஏங்க, நான் சொல்றேன், இந்த ஷோரூம் பொண்ணு சொல்லிக் குடுத்ததுலதான்..."ன்னு ஆரம்பிச்சாங்க. வண்டி உரிமையாளர்கிட்ட மட்டும்தான் பேசணும் மேடம், நன்றின்னு வெச்சிட்டாங்க.

டீச்சர் விடல. மேனேஜர் ரூமுக்கே போய், அந்த வளைவு, அந்தப் பைக்கு, அந்தக் கொழந்த, எல்லாத்தையும் சொன்னாங்க. ஞானசேகர் சார் எழுந்து நின்னு கேட்டாரு, மரியாதையா வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தாரு. எனக்கு ஒரு நப்பாசை. கிட்ட வந்தாரு. அவரும் நல்லவர்தாங்க, குரல் கொஞ்சம் கம்மிப் போய்த்தான் இருந்துச்சு: "உசுரக் காப்பாத்துனதுக்கு அந்தப் போன்ல கேள்வி இல்லம்மா."

இப்ப நான் உளுந்தூர்பேட்டை யார்டுல பழைய வண்டிங்களுக்கு நடுவுல இருக்கேன். வீட்டுச் சாவி ஒண்ணு பொண்ணு ஸ்கூல் பையில தொங்குது. அவளே தொறந்துக்கிறா, அவளே போட்டுச் சாப்பிடுறா. சாயங்காலம் பஸ்ல கம்பியப் புடிச்சிக்கினு நிக்கும்போது அந்தக் கதவுதான் நெனப்புல வருது, பொய் சொல்ல மாட்டேன். டீச்சர் மட்டும் அப்பப்ப போன் பண்ணி, மலையில வண்டி நல்லா ஏறுதுன்னு சொல்லுவாங்க.

மேட்டுல பின்னால உருளாம வண்டியப் பிடிச்சிக்கிற வசதி நடு மாடல்லயே வந்துடுது, அத விளக்கிச் சொன்னவளப் பிடிச்சிக்கிற வசதிதான் டாப் மாடல்லகூட இன்னும் வரல.