ஏழுமலை மாமாவின் மினி பஸ்ஸும் இரண்டு தீவுக்காரர்களும்

போன வாரம் செஞ்சிக்குப் போயிருந்தேன். திண்டிவனம் ரோட்டில் ஒருவர் வாளியில் பசையைக் கலக்கி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்ட பசை. புளித்த தோசைமாவையும் பள்ளிக்கூட லேபையும் சேர்த்துக் கிண்டியது போல ஒரு வாசனை. இறந்தவர் யாரென்று பார்க்க வேண்டியவள், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார். "வேற ஞாபகம்ண்ணா" என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

எனக்கு அது லூசியின் வாசனை. படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு பத்திரிகையாளர் பயிற்சி நிலையத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. புரொஜெக்டருக்கு வயர் தேடுவது, டீ சொல்வது, பேச்சாளர் வந்து சேரும்வரை வகுப்பு கலையாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் வேலை. அந்த வருஷம் சின்னத் தீவு நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்தார்கள். அங்கே பல இடங்களில் இதழியல் படிக்கக் கல்லூரியே கிடையாதாம். லூசியின் நாடு பசிபிக் கடலில் இருக்கிறது. வரைபடத்தில் தேடினால் அச்சுப் பிழை போலத் தெரியும். அவள் அங்கே கூட்டுறவுக் கடையில் சாமான் நிறுத்துக்கொண்டிருந்தவள். குரல் கணீரென்று இருக்கிறதென்று ஒருநாள் வானொலியில் செய்தி வாசிக்க உட்கார்த்திவிட்டார்கள். அவளோடு வந்தவர் இப்ராஹிம், மாலத்தீவுக்காரர். எதையும் எழுதிக்கொள்வார், எதற்கும் சிரிக்கமாட்டார், மாட்டைக் கண்டால் மட்டும் என் பின்னால் வந்து நின்றுகொள்வார்.

வகுப்பில் ஒருநாள் எங்கள் பேராசிரியர், செய்தியாளருக்கு உறவு என்று எவரும் இருக்கக்கூடாது என்றார். லூசி கையைத் தூக்கினாள்.

"அப்படியானால் நான் வேலையை விட வேண்டியதுதான். மீன்துறை மந்திரி என் சித்தப்பா. அவரை எதிர்த்துப் பேசுகிறவர் என் மாமா. போலீஸ் அதிகாரி என் தம்பி. அவன் பிடித்து உள்ளே வைத்திருப்பது என் பெரியம்மா மகனை."

வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். டீ நேரத்தில் லூசி மட்டும் சிரிப்பில்லாமல் என்னிடம் சொன்னாள். அவள் ஊரில் படகுத்துறை ஒன்று பாதியில் நிற்கிறது. சித்தப்பாவின் பொறுப்பு. ஊரே கேட்கிறது, வானொலி மட்டும் கேட்கவில்லை. "நான் கேட்டால் கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் சாப்பிடுவது?"

ஆகவே, இவர்களுக்கு யாரையும் தெரியாத ஊரில் செய்தி சேகரிக்கப் பழக்க வேண்டும் என்று முடிவானது. நான்தான் முந்திக்கொண்டு, "எங்க செஞ்சிக்கு வரலாம் சார்" என்றேன். லூசியையும் இப்ராஹிமையும் என்னோடு அனுப்பினார்கள். அங்கே இவர்களுக்கு யாரையும் தெரியாது, சரி. எனக்கு எல்லோரையும் தெரியும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைக் கண்டதும் லூசி பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டாள். அவள் நாட்டில் உயரமான இடம் வானொலி நிலையத்து மாடிதான். மூச்சு வாங்க மேலே ஏறியவள், பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு இறங்க மறுத்தாள். கீழே தெரிந்த ஏரிகளை எண்ணி, "உங்கள் ஊரிலும் கடலைத் துண்டு போட்டு வைத்திருக்கிறீர்களே" என்றாள். ஒரு குரங்கு இப்ராஹிமின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போனது. அன்றுதான் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

மறுநாள் செய்தி தேடிக் கிளம்பினோம். பனமலைப் பக்கம் போகும் ஒரு மினி பஸ். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எங்களுக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள். பஸ்ஸை ஓட்டியவர் ஏழுமலை மாமா, என் அம்மாவின் தம்பி. "உங்க ஆளுங்களா பாப்பா, முன்னாடி குந்தச் சொல்லு" என்று உபசாரம் செய்தார். ஏரிக்கரை வந்ததும் வண்டியை வளைத்து நிறுத்தி, "எறங்குங்க, இதான் கடைசி" என்றார். ஆனால் பஸ் நெற்றியில் எழுதியிருந்த கடைசி ஊர் இன்னும் தள்ளி இருந்தது. எங்களோடு இறங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பேசாமல் நடக்க ஆரம்பித்தார்கள்.

"தினமும் இப்படித்தானா?" என்று லூசிக்காகக் கேட்டேன்.

"ஆமாக்கா. மழைன்னா செருப்ப கையில புடிச்சிக்கினு போணும்" என்றாள் ஒருத்தி.

லூசியின் முகம் மலர்ந்தது. செய்தி கிடைத்துவிட்டது. எனக்கு அது கிடைத்திருக்கவே வேண்டாம். ஏனென்றால் மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து, அதற்கு ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வருகிறவரே மாமாதான்.

வந்தார். கறியை அவரே அள்ளி அள்ளி லூசியின் இலையில் வைத்தார். அவள் ரசித்துச் சாப்பிட்டாள். வாயில் எலும்போடு, இடது கையால் ரெக்கார்டரை எடுத்துத் தண்ணீர்ச் சொம்பின் பக்கத்தில் வைத்துக் கேள்வியைக் கேட்டாள்.

"இன்னா பாப்பா கேக்குது அந்தம்மா? இன்னும் கொஞ்சம் கறி வேணுமாமா?" என்றார் மாமா.

மொழிபெயர்ப்பாளர் நான் ஒருத்திதான். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நைனா மோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறி வேண்டுமாம் என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! எதிரே லூசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சோதித்துப் பார்த்தது மாமாவையல்ல, என்னை.

"கடைசி ஸ்டாப்புக்கு ஏன் பஸ்ஸு போறதில்லன்னு கேக்கறாங்க மாமா."

மாமாவின் கை கரண்டியோடு நின்றது. பிறகு, "ரோடா அது? வந்து பாக்கச் சொல்லு. கைய கழுவுங்க எல்லாரும்" என்று எழுந்துவிட்டார்.

அம்மா, நைனா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வண்டியில் ஏறினோம். மாமா கோபத்தில் ஏரிக்கரையைத் தாண்டி வண்டியை விட்டார். கொஞ்ச தூரம்தான். முன்சக்கரம் சேற்றுப் பள்ளத்தில் இறங்கி, பஸ் தொழுகை செய்வது போலக் குனிந்துகொண்டது. "பாத்தியா? சொன்னன்ல?" என்று ஸ்டியரிங்கைத் தட்டிய மாமாவின் முகத்தில் அப்படியொரு ஆனந்தம். தான் சொன்னது சரி என்று நிரூபிக்க வண்டியையே கொடுத்தவர் அவர். ஊர் திரண்டு வந்து தள்ளியது. லூசி பாவாடையைச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள். இப்ராஹிம் தள்ளிக்கொண்டே ஒவ்வொருவர் பெயரையும் எப்படி எழுதுவதென்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் ஒரு எருமை நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சுவர்ப் பத்திரிகை தயாரானது. அவர்கள் இங்கிலீஷில் எழுத, நான் தமிழில் எழுதினேன். தலைப்பைத் தானே எழுதுவதாக லூசி அடம்பிடித்து, நான் எழுதிக் காட்டிய எழுத்துகளைப் படம் வரைவது போல வரைந்தாள். 'ஏழுமலை'யின் ழ மட்டும் இறால் மாதிரி வந்தது. பஸ் பாதியில் திரும்புகிறது என்பதும் இருந்தது, அதை யார் ஓட்டுகிறார் என்பதும் இருந்தது, ரோடு போடாதது யார் என்ற கேள்வியும் இருந்தது. கீழே எழுதியவர்கள் பெயர். என் பெயரும்.

பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சுவரில், கடைக்காரரைக் கேட்டு ஒட்டினோம். லூசிக்குத் தலைமுடியெல்லாம் பசை. கூட்டம் சேர்ந்தது. மாமாவும் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். நாங்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவர் ஒளிந்துகொண்டோம்.

"இனிஷியல் தப்பா போட்டுக்கீது" என்றார் கடைசியில். "மாத்து. வேற எவனோன்னு நெனச்சிக்கப் போறாங்க."

அவரே பேனாவைக் கேட்டு வாங்கித் திருத்தினார்.

அடுத்த மழைக்குள் அந்த ரோட்டில் கிராவல் கொட்டினார்கள். சுவரைப் பார்த்துத்தானா, தேர்தலைப் பார்த்தா, எனக்குத் தெரியாது. மாமா கடைசி ஊர் வரை போனார், பெருமையாக ஹாரன் அடித்துக்கொண்டு. லூசி ஊருக்குத் திரும்பி வானொலியில் சித்தப்பாவை உட்கார வைத்துப் படகுத்துறை பற்றிக் கேட்டாளாம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் கூப்பிடவில்லை. புது வருஷத்தில் ஒரு பெரிய மீனோடு அவரே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார் என்று எழுதியிருந்தாள். படகுத்துறையைப் பற்றி எழுதவில்லை. மீனை எப்படிச் சமைத்தாள் என்று ஒரு பக்கம்.

பயிற்சி நிலையம் மூடியாகிவிட்டது. மினி பஸ்ஸும் நின்றுவிட்டது. பிள்ளைகள் ஸ்கூட்டியில் போகிறார்கள். ஊர்ச் செய்தி இப்போது போனிலேயே வந்துவிடுகிறது. யார் எழுதினார்கள் என்று மட்டும் இருக்காது. கொஞ்ச நாள் முன்னால் ஏழுமலை மாமாவைப் பற்றி, கோயில் கணக்கில் ஏதோ செய்துவிட்டார் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். படமும் உண்டு, இனிஷியலும் சரியாக இருந்தது. மாமா குழுவில் உள்ள ஒவ்வொருத்தரையும் வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் வேறு யாரோ அனுப்பியதாம்.

என்னிடம் அதைக் காட்டும்போது அவருக்குக் கோபம்கூட இல்லை.

"எழுதனவன் மூஞ்சி தெரிஞ்சா போயி சண்டையாவது போடலாம் பாப்பா" என்றார். "இப்ப யார்கிட்ட போட்டு, யார்கிட்ட ராசியாவறது?"