எர்த் குழிக்கு ஒரு வாளி தண்ணீர்

அந்த மேனேஜர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

1991இல் பென்னலூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் எலெக்ட்ரிக்கல் பகுதிக்கு நான் பொறுப்பு. இரும்பு உருக்கும் உலைக்கான டிரான்ஸ்ஃபார்மர் டெல்டா இணைப்பு. மூன்று சுருளும் முக்கோணமாக இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு லைன்களுக்கு நடுவில். உலையை நிறுத்தும்போதெல்லாம் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் திறக்கும். அப்போது மின்னலே இல்லாமல் மின்னல் மாதிரி வோல்டேஜ் எகிறும். அதை அடக்க ஆறு லைட்னிங் அரெஸ்டர்கள் இருந்தன. நாங்கள் எல்.ஏ. என்போம். மூன்று, லைனிலிருந்து பூமிக்கு. மற்ற மூன்று, லைனுக்கும் லைனுக்கும் நடுவில்.

ஆடி மாத இடியில், வெளி லைன் உள்ளே வரும் வாசல் கம்பத்து எல்.ஏ.க்கள் வெடித்துப்போயின. ஸ்டோரில் வேறு இல்லை. மேனேஜர் டிரான்ஸ்ஃபார்மர் யார்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இந்த மூணும் பூமிக்கே போகலையே. சும்மாத்தானே கீது. கழட்டிக் கம்பத்துல மாட்டு."

"இது இல்லேன்னா, லைனுக்கு லைன் எகிர்றது பூமிக்குப் போற ரெண்டு எல்.ஏ. தாண்டித்தான் சார் அடங்கும். வோல்டேஜ் ரெண்டு மடங்கு ஏறும். அதுக்குள்ள சுருள் பூடும்."

"பாடம் நடத்தாதய்யா. உலை நிக்கக் கூடாது."

நான் கழற்ற மறுத்தேன். வேறு ஆட்களை வைத்துக் கழற்றி, வாசல் கம்பத்தில் மாட்டினார்.

புரட்டாசியில் ஒருநாள் மதியம் உலையை நிறுத்தினார்கள். பிரேக்கர் திறந்தது. டிரான்ஸ்ஃபார்மர் ஒருமுறை உறுமி அடங்கியது. உள்ளே எரிந்துவிட்டது.

மொத்த ஷிப்டும் நிற்கும்போது மேனேஜர் என்னைக் காட்டி முதலாளியிடம் சொன்னார்: "எர்த் குழிக்கு இவன் தண்ணி ஊத்தல சார். அதான்."

மின்சாரம் பூமிக்குள் இறங்க உப்பும் கரியும் போட்ட அந்தக் குழி காயாமல் தினமும் ஒரு வாளி ஊற்றுவது எங்கள் வழக்கம். என்ன கோளாறு வந்தாலும் முதல் பழி குழியின் மேல்தான். அன்றும் குழி ஈரமாகத்தான் இருந்தது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் செய்த கம்பெனியின் இன்ஜினியர் வந்து பார்த்ததும் என் வேலை போகும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கம்பெனி பஸ்ஸில் ஏறினால் வடக்குப்பட்டு ஃபிட்டர் ஆரம்பிப்பான். "இன்னா சார், பாட்டில்ல தண்ணி கொண்டாந்தீங்களா? குழி தாகமா கீதாம்." பஸ்ஸே சிரிக்கும். அவனை நான் வெறுக்கவில்லை. சிரிக்கக் கற்றுக்கொடுத்தவரைத்தான் வெறுத்தேன்.

இன்ஜினியர் வந்தார். டிரான்ஸ்ஃபார்மர் தொட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எரிஞ்சது ஒரே சுருள். லைனுக்கும் லைனுக்கும் நடுவுல. தொட்டிப் பக்கம் ஒரு கருப்புகூட இல்ல. எர்த்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். நடுவுல நாங்க குடுத்த மூணு எல்.ஏ. எங்க?"

வாசல் கம்பத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். மேனேஜர் மட்டும் தரையைப் பார்த்தார்.

சுருள் மாற்றி டிரான்ஸ்ஃபார்மர் திரும்பி வந்தது. இணைக்கச் சொல்லி முதலாளியே என்னைக் கூப்பிட்டார்.

"மூணு எல்.ஏ.வும் பழைய இடத்துக்கு வரணும்," என்றேன். "அப்புறம், ஷிப்ட் மாறும்போது மேனேஜர் சார் கையால எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தணும். அதுக்கப்புறம்தான் பிரேக்கர் போடுவேன்."

முதலாளி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உலை காத்துக்கிடந்தது. அவர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு ஷிப்ட் ஆட்களும் நிற்க, மேனேஜர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதித் தண்ணீர் அவர் ஷூவிலேயே கொட்டியது.

"ஓரமா ஊத்துங்க சார், அங்கதான் காஞ்சு கீது," என்றான் ஃபிட்டர்.

குழி நிரம்பி வழிந்தது. மேனேஜர் வாளியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு வாளி சார்," என்றேன்.

என்னை முறைத்தார். பிறகு குழாயடிக்கு நடந்தார். அவர் திரும்பி வந்து அதையும் ஊற்றி முடிக்கும்வரை பிரேக்கர் பக்கமே நான் போகவில்லை.