சொல்லிக்கொள்ளாமல் வந்த வீடு

இந்த ஊரில் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. முற்றத்துக்கு வெளியே நின்று "ஹோடி!" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "கரிபு!" என்று பதில் வந்தால் போகலாம். வராவிட்டால் மூன்று முறை வரை கூப்பிடலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசனை மூக்கைத் துளைத்தாலும் சரி, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அம்பத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எங்கள் தெருவில் கேட்டின் கொண்டியை ஒரு தட்டுத் தட்டி, "அக்கோவ்!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் அடுப்படியில் நின்று குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

தான்சானியாவின் இந்தச் சின்ன ஊருக்கு நான் மிஷனரியாக வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் சிங்கத்தைப் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்த ஒரே கொடிய மிருகம் பக்கத்து வீட்டுச் சேவல். காலையில் திருச்சபையின் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவேன். பாதி நேரம் மூக்குச் சிந்திவிடுவதிலேயே போய்விடும். மதியம் தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது. சாயங்காலம் வீடு சந்திப்பு. நோயாளிகளைப் பார்த்து, ஜெபம் செய்து, அவர்கள் அன்போடு தரும் சர்க்கரைப் பாகு போன்ற டீயை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு வர வேண்டும். ஊழியத்தில் கஷ்டமான பகுதி அந்த டீதான்.

இந்த வீடு சந்திப்பெல்லாம் மாமா நேமா இல்லாமல் நடக்காது. மாமா என்றால் இங்கே அம்மா. நேமா அவருடைய மூத்த மகளின் பெயர். சந்தையில் தக்காளி விற்கிறவர், பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவி. "பொம்பளையப் போயி மாமான்றியே, நல்லா கீதுடி உங்க ஊரு" என்று என் அம்மா இன்றைக்கும் ஃபோனில் சிரிப்பாள். மாமா நேமா முன்னால் நின்று "ஹோடி" சொன்னால் எந்த வீடும் திறக்கும். நான் தனியாகப் போய்ச் சொன்னால் நாய்தான் வரும். அவர் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போதெல்லாம் பாதி வழியிலுள்ள சோள மாவு மில் வரைக்கும் கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போவார். வந்தவர்களைப் பாதி வழி கொண்டுபோய் விடுவது இங்கே மரியாதை. அந்த மில்லின் இரைச்சலில், அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்த்த பட்டறையின் ஞாபகம் வரும். சொந்தபந்தம் இல்லாத ஊரில் எனக்கென்று ஒருத்தர் இருக்கிறார் என்று தோன்றுவதும் அந்த நடையில்தான்.

மழைக்காலத் தொடக்கத்தில் மாமா நேமாவின் அண்ணன் இறந்துபோனார். அடக்கம் முடியும்வரை ஊரே மாமா நேமா வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. நானும் அங்கேயேதான் கிடந்தேன். அண்டா அண்டாவாகப் பாத்திரம் கழுவினேன், பீன்ஸ் பொறுக்கினேன், அர்த்தம் பாதி புரிந்த பாட்டுகளை அழுதுகொண்டே பாடினேன். எல்லாம் முடிந்து பெண்கள் பாய்களைச் சுருட்ட ஆரம்பித்ததும், என்னை வளர்த்த விதப்படியே, யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்தேன். செருப்பை மாட்டினேன். வாயைத் திறக்காமல், திரும்பிப் பாராமல் வீடு வந்து சேர்ந்து, தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்தேன். நல்லபடியாக நடந்துகொண்டோம் என்று ஒரு திருப்தி வேறு!

இந்தப் பாடம் நான் வேலப்பன்சாவடியில் படித்தது. அங்கே எங்கள் பெரியப்பா இறந்தபோது நான் ரெட்டைச் சடை போட்ட பிள்ளை. கிளம்பும்போது பெரியம்மாவிடம், "போயிட்டு வரேன் பெரிம்மா" என்று கணீரென்று சொல்லிவிட்டேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், உயிர் போய் உயிர் வந்தது. "எழவு ஊட்ல வரேன்னு சொல்லுவியாடி? வாய மூடிகினு நட" என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் இழுத்துக்கொண்டே போனாள். வருகிறேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள்தான் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதை அறிக்கையிடுகிறவர்கள்தான். இருந்தாலும் இழவு வீட்டு வாசலில் ஒருத்தரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம்.

அடுத்த நாள் மாமா நேமா வீட்டு வாசலில் நின்று மூன்று முறை ஹோடி சொன்னேன். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது, கரிபு வரவில்லை. மறுநாளும் அதே கதைதான். சந்தையில் என்னைக் கண்டதும் தக்காளியை அடுக்குவது போலக் குனிந்துகொண்டார். பாடகர் குழுப் பெண்கள் என் வணக்கத்துக்கு உதட்டை மட்டும் அசைத்தார்கள். என்ன ஏது என்று புரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். "அவர்கள் வீட்டில் சாப்பிட்டாய், அழுதாய். பிறகு திருடன் மாதிரி சொல்லாமல் போய்விட்டாயாமே. சொல்லாமல் போகிறவர் மனத்தாங்கலோடு போகிறார் என்றுதான் இங்கே அர்த்தம். அந்த அம்மா இல்லாமல் உன்னால் இங்கே வேலை செய்ய முடியாது. வேறு ஊருக்கு மாற்றிவிடட்டுமா?" என்றார். தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. ஊழியத்தை எந்த ஊரிலும் செய்துவிடலாம். மாமா நேமாவுக்கு நான் எங்கே போவேன்?

அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஓவென்று அழுதேன். அவள் முதலில் எகிறினாள். "சொல்லிக்காம வந்தது தப்பாமா? நான் உன்ன ஒழுங்காத்தான வளத்துகீறேன்!" அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "தே, அயுவாத. அந்தம்மாவுக்கு இன்னா ஜோசியமா தெரியும், நீ இன்னாத்துக்கு வாய மூடிகினு போனேன்னு? போயி சொல்லு. உங்க ஊட்ல இன்னொரு சாவு வரக்கூடாதுன்னுதான் போனேன்னு சொல்லு. பெத்தவ சொல்லி அனுப்புனான்னு சொல்லு."

மறுநாள் சாயங்காலம் போனேன். முதல் ஹோடிக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதைச் சொல்ல வாய் வரவில்லை. அதுவும் போய்விட்டால் திரும்ப வேண்டுமே! கர்த்தரே என்று கண்ணை மூடிச் சொல்லிவிட்டேன். வெகுநேரம் கழித்து, வேண்டா வெறுப்பாக ஒரு "கரிபு" வந்தது. உட்காரக்கூடச் செய்யாமல், என் ஓட்டை சுவாஹிலியில் எல்லாவற்றையும் கொட்டினேன். பெரியம்மாவைச் சொன்னேன். கிள்ளு வாங்கியதைச் சொன்னேன். என் தொடையையே கிள்ளிக் காட்டினேன். மாமா நேமா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் என் வாசலிலிருந்து சாவை விரட்டிக்கொண்டு போனாயா நீ?" என்றார்.

"ஆமாம் மாமா."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதார். மகளைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, என் தொடையைக் காட்டிக் கதையை முதலிலிருந்து சொன்னார். அப்பாடா! அத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி ஓடியது. அன்றைக்கு அந்த டீயை இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கிளம்பும்போது விடவில்லை. "அன்றைக்குச் சொல்லாமல் போனதையும் சேர்த்து இப்போது சொல்லிவிட்டுப் போ" என்று வாசலில் மறித்து நின்றார். எங்கள் ஊர்க் கணக்கில் அது இன்னும் துக்கம் ஆறாத வீடு. அவர் முகத்தைப் பார்த்தேன். "நாக்வேந்தா, மாமா. நிதாருதி" என்றேன். போகிறேன், திரும்பி வருவேன். "கரிபு தெனா", மறுபடியும் வா, என்று அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, மில்லை நோக்கி நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். அந்த வார்த்தையைச் சொன்ன நேரத்திலிருந்து என் ஒரு கை, அம்மா கிள்ளிய இடத்தைப் பொத்திப் பிடித்தபடியே இருந்தது.