பொருத்தனைப் பிரியாணி

இரண்டாவது முறையும் கர்ப்பம் கலைந்த பிறகு, இனி உடம்பைப் படுத்த வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நானும் என் கணவரும் ஆட்டோவில் பெங்களூர் ஆடுகோடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நின்றால் யாராவது ஒரு அக்கா என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரிப்பார், மாதுளம்பழம் சாப்பிடச் சொல்வார். அவர்கள் சொன்ன மாதுளையெல்லாம் தின்றிருந்தால் மார்க்கெட்டே காலியாகியிருக்கும்.

கர்த்தர்மேல் கோபம்கூட இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ப் பேச்சை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். சின்ன வயதில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட அவரிடம் தொணதொணத்துக்கொண்டே இருந்தவள் நான். திரும்பவும் பேச முடியாமலே போய்விடுமோ என்று உள்ளுக்குள் பயமாக இருந்தது.

அப்படி இருந்தபோதுதான் ஒரு வெள்ளிக்கிழமை, காபி குடித்துக்கொண்டே என் மாமியார் ஆரம்பித்தார். கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டு, சுரங்கம் மூடிய பிறகு மகனோடு பெங்களூர் வந்தவர். பக்கத்தில் இருப்பவரிடமும் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படிதான் பேசுவார்.

“ஞாயித்துக்கெழம சபைக்கு பிரியாணி போடறேன். பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

“எதுக்கு அத்தை?”

“பொருத்தனை. மறந்துட்டியா?”

எப்படி மறக்கும்? பேரப்பிள்ளை வந்தால் சபை முழுவதற்கும் பிரியாணி போடுகிறேன் என்று, எனக்குக் கல்யாணமான புதிதில் எல்லோர் முன்னிலையிலும் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாரும் எனக்கு வாழ்த்து சொல்ல வருவாங்க. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன் நான்?”

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். “நீ வெங்காயம் மட்டும் உரிச்சிக் குடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார்.

வைட்ஃபீல்ட் ஆபீஸில் பத்துப் பேரை மேய்க்கும் என் கணவர், அம்மா சொன்னால் மறுபேச்சு பேசமாட்டார். வாடகைக்கு எடுத்த பெரிய பிரியாணி டேக்சாவை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அந்தக் கோலத்தைப் பார்த்து, கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போதே சபையின் பின்பக்கத்திலிருந்து சீரகச் சம்பா மணம் வர ஆரம்பித்துவிட்டது. பிரசங்கத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்று நான் நழுவ முடியவில்லை. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்ததும், நான் பயந்தபடியே மாதுளம்பழ அக்கா முகமெல்லாம் மலர்ந்து, “இன்னா விசேஷம்? நல்ல சேதியா?” என்றார்.

என் மாமியார் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அன்றைக்கு மட்டும் குரல் மெதுவாக வந்தது.

“எனக்கு ரெண்டு பேரப்புள்ளைங்க வந்துச்சிங்க. ரெண்டும் ஆண்டவர்கிட்ட இருக்கு. வந்தா போடறேன்னு சொன்னேன், போடறேன்.”

அந்த இரண்டையும் பிள்ளைகள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. டாக்டரம்மாவுக்கு அது கரு, சொந்தக்காரர்களுக்கு அது ‘அந்த விஷயம்’. எனக்கே அப்படிச் சொல்லத் துணிச்சல் இருந்ததில்லை. இந்த அம்மாளை எனக்கு அந்த நிமிடம் எவ்வளவு பிடித்தது என்று சொல்லி முடியாது.

அவர் என் பக்கம் திரும்பினார். “சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணும்மா.”

“நானா? நீங்களே பண்ணுங்க அத்தை.”

“அவங்களுக்கு அம்மா நீதானே.”

கண்ணை மூடினேன். “ஆண்டவரே” என்றதும் அழுகை முட்டியது. சபை காத்திருந்தது. சாதத்துக்கும் கறிக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு, என் பிள்ளைகள் இரண்டு பேரையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும், அவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லும் என்று கேட்டேன். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. கேட்ட பிறகுதான் அது ஞாபகம் வந்து, திருத்துவதற்கு வார்த்தை தெரியாமல் நின்றேன்.

எல்லோருக்கும் முந்தி “ஆமென்” என்றவர் பாஸ்டர்தான்.