வானிறுத்தியைத் தேடிக் கோலா கெத்தில் வரை

வெள்ளி, காலை 8.10. சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் மெர்போக் பஸ்ஸுக்காக நின்றேன். கெடாவில் வெள்ளிதான் வார விடுமுறை என்பதால் பாதி ஊர் எங்கோ போகக் கிளம்பியிருந்தது. என் பையில் ஐந்து பள்ளி நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஆறு இருந்திருக்க வேண்டும். நான்காவதைக் காணவில்லை. அதைத் தேடித்தான் இந்தப் பயணம்.

எழுபதுகள் முடியப் போகிற சமயம் அது. நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், நெத்திலி சம்பலுக்கும் வக்கீலின் மணியோசைக்கும் நடுவே கிடைக்கிற அரை மணியில், இல்லாத ஓர் உலகத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஆதியில் விழாமல் தொங்கிய ஒரே ஒரு நீர்த்துளி இருந்தது. மூப்பே இல்லாத ஏழு பேர் அதைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு மூவாதார் என்று பெயர் வைத்தேன். ஆறு பேருக்குத் துளிக்குள் தங்கள் முகம் தெரிந்தது. பார்த்து மகிழ்ந்து ஆளுக்கு ஒரு வேலையாகப் போய்விட்டார்கள். ஏழாமவளுக்கு எதுவும் தெரியவில்லை. அதனால் அவள் துளியைக் கையில் ஏந்திக்கொண்டாள். அவள்தான் வானிறுத்தி. மழையை மடியில் வைத்திருப்பவள்.

அவள் காவலில் காட்டில் வாழ்கிறவர்கள் இலைச்செவியர். நெடிய உருவம், இலை நுனி போல் கூர்ந்த காது. சாவு கிடையாது. பொய் சொன்னால் மட்டும் காது மடங்கிவிடும். வெள்ளிப்பால் சுரக்கும் மரங்களை வெட்டிப் பால் எடுத்து, அதில்தான் விளக்கு எரிப்பார்கள்.

இதற்கெல்லாம் நகல் கிடையாது. தட்டச்சு செய்தே வயிறு கழுவுகிறவளிடம் நகல் இல்லையா என்று சிரிக்காதீர்கள். அலுவலக இயந்திரத்தில் தமிழ் எழுத்து இல்லை. கையால் எழுதும்போது கார்பன் தாள் வைக்கலாம் என்பது கடைசி வரை என் மூளைக்கு எட்டவில்லை. நோட்டுகளைப் படிக்கக் கொடுத்தேன். அவை கை மாறிக் கை மாறி ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போயின. படித்தவர்கள் பின்னட்டையில் பெயரும் ஊரும் எழுதி அடுத்தவருக்குக் கொடுப்பது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. ஐந்து நோட்டுகள் எப்படியோ வீடு திரும்பின. பினாங்கில் ஓர் அச்சகக்காரர் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டு, இரண்டு முறை தவணை கொடுத்து, திங்கட்கிழமைக்குள் முழுதும் வராவிட்டால் வேறு வேலை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான்காவது நோட்டு இல்லாமல் மூவாதாரும் இல்லை, வானிறுத்தியும் இல்லை. மீண்டும் எழுதலாமே என்றார் அம்மா. சமைத்த சோற்றை மறுபடி அரிசியாக்கச் சொல்வது போல இருந்தது எனக்கு.

காலை 9.00. ஏறக்குறையப் பத்து மைல், அறுபது சென். வழியெல்லாம் ஜெராய் மலை கூடவே வந்தது. ஏழு பேரும் இறங்கிய மலையை நான் எழுதியபோது மனத்தில் இருந்தது அதுதான். அன்று அதன் தலையில் மேகம் குந்தியிருந்தது.

மெர்போக்கில் மளிகைக் கடை வைத்திருந்த அருளப்பன் அண்ணன் எங்கள் மாதா கோயில் ஆள். ஐந்தாம் நோட்டின் பின்னட்டையில் அவர் பெயர் இருந்தது. நான்காவதும் அவரிடம் வந்ததாம். சிடாம் கிரியில் லாரி ஓட்டும் தன் மச்சானிடம் கொடுத்தாராம். மச்சான் அதைக் கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மூன்றாம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சரசு என்ற பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"பிலோமா, ஒண்ணு கேள்விப்பட்டேன். அங்க ஒங்க ஆள கும்புடுறாங்களாம்."

"எந்த ஆள?"

"அதான், மழைய புடிச்சு வச்சிருக்குமே, அந்தம்மாவ. கல்லு நட்டு, மஞ்ச பூசி."

அண்ணன் கொடுத்திருந்த பால் விடாத கோப்பி ஓவைக் கீழே வைத்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கற்பனையாக எழுதிய ஒருத்திக்கு மக்கள் கற்பூரம் கொளுத்துகிறார்கள் என்றால் நான் யார்? ஊரை ஏமாற்றியவள். ஞாயிறன்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எந்தக் கணக்கில் சொல்வது? அதைவிட அருவருப்பான பயம் ஒன்றும் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். சாமி புத்தகம் ஆகிவிட்ட நோட்டை அவர்கள் திருப்பித் தருவார்களா?

சனி, காலை 5.50. வக்கீலிடம் பல்வலி என்று விடுப்பு வாங்கியிருந்தேன். கோலா கெத்திலுக்கு முதல் பஸ், எண்பது சென். சிடாம் கிரி பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கூட்டமாக ஏறினார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்கள். கிழக்கே கருமேகம் திரண்டிருந்தது. கண்டக்டர் எனக்குச் சீட்டு கிழித்துக்கொண்டே, "இன்னிக்கி பால் அம்புட்டுத்தான் லா," என்றார். எனக்கு அப்போது அது ஒரு செய்தியாகவே படவில்லை.

கோலா கெத்திலில் இறங்கி, ஒட்டுக்கடையில் ஒரு ரொட்டி சானாய் தின்று, தோட்டத்து லாரி ஒன்றில் தொற்றிச் செம்மண் சாலையில் இரண்டு மைல் போனேன். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு அவர்களே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

காலை 7.30. சரசக்கா மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது பால் இறங்க ரப்பர் மரப் பட்டையைச் சீவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டு, முழங்கால்வரை பூட்ஸ், இடுப்பில் கொசுவர்த்திப் புகை. நோட்டைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"வெட்டி முடிச்சு, பால எடுத்து, ஸ்டோர்ல ஊத்திட்டுத்தாம்மா எதுவும் பேச முடியும். வானத்த பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். பால் எடுப்பதற்கு முன் மழை வந்தால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் இறங்கிய பால் தண்ணீரோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும், அன்றைக்குக் கூலியும் அதோடு போய்விடும் என்பதை மரத்துக்கு மரம் அவர் பின்னால் நடந்துதான் தெரிந்துகொண்டேன். இருபத்தெட்டு வருடம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வாழ்ந்திருக்கிறேன். மரம் வெட்டுவதை அருகில் நின்று பார்த்தது அன்றுதான். இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே சரியும் ஒரே இழுப்பு. பட்டை சுருளாக உதிர, பின்னாலேயே வெள்ளைக் கோடு இறங்கி மங்கில் சொட்டியது. என் வெள்ளிப்பால் மரங்களை நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

காலை 10.50. மேகம் தலைக்கு மேலேயே நின்றது, ஆனால் விழவில்லை. பால் எடுத்து, வாளிகளைத் தூக்கி, ஸ்டோரில் ஊற்றிய பிறகுதான் சரசக்கா கை கழுவி என் பக்கம் திரும்பினார். "வாங்க," என்று பழைய மர நிரையின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு பெரிய மரத்தடியில், நான்கு கம்பும் ஒரு தகரக் கூரையுமாக, மஞ்சள் பூசிய முழங்கால் உயரக் கல். முன்னால் செம்பருத்திப் பூ. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்.

"லயத்துல ஒழுகுது. இங்கதான் நனையாம இருக்கும்னு டின்னுல வச்சோம்," என்றார்.

திறந்தேன். மேலட்டை நன்றாக இருந்தது. புரட்டினால் நடுவிலிருந்து கடைசிவரை கரையான். டின்னின் அடி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. துளியும் ஏழு பேரும் அரித்த காகிதமாக என் மடியில் கொட்டினார்கள். அழுதேன். எங்கோ ஒரு தோட்டத்தில், நான் யாரென்றே சொல்லியிராத ஒரு பெண்ணுக்கு முன்னால், மூக்குச் சிந்தி அழுதேன்.

"என்னம்மா, நோட்டு ஒங்களுதா?"

"நான்தாங்க்கா எழுதினேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நரச்ச ஆம்பளையா இருப்பாருன்னுல்ல நெனச்சோம்." பிறகு, "இருங்க," என்று லயத்துப் பக்கம் போய்விட்டார். கல்லுக்கு முன்னால் நானும் கரையானும் இருந்தோம்.

திரும்பி வந்தவர் கையில் நீல அட்டை போட்ட நீள நோட்டு இருந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டில் வாங்கிய கணக்கு நோட்டு. அதில் சற்றே சரிந்த கையெழுத்தில், வரிக்கு வரி, என் நான்காம் நோட்டு. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினாராம். அவர் படிக்க, வேலை முடிந்து வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். எல்லார் கைக்கும் போக ஒரு நோட்டு போதாது என்றுதான் நகல் எழுதினாராம். பின்னட்டையில் இருந்த வாசகர் பெயர்களைக்கூட விடவில்லை. அருளப்பன், மெர்போக், செல்வம், சிடாம் கிரி, கடைசியில் சரசு. கதையின் முடிவில் காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடுவது போல இலைச்செவியரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் உரக்கப் படித்தாராம். கேட்கிறவர்கள் "இருக்கேன்" என்பார்களாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நெஞ்சில் கிடந்ததையும் சொல்லிவிட்டேன்.

"அக்கா, வானிறுத்தி நானா கட்டுன கதை. நெசமில்ல."

"தெரியும்மா. காது மடங்குற ஆளு எந்த ஊர்ல இருக்கு?" என்று கல்லில் கிடந்த வாடிய பூவை எடுத்துப் போட்டார். "இந்தக் கல்லு நான் கல்யாணமாகி வர்றதுக்கு முந்தியே இருக்கு. பேரு யாருக்கும் தெரியல. சும்மா அம்மான்னு கும்புட்டுக்கிட்டிருந்தோம். ஒங்க கதையில பேரு நல்லா இருந்துச்சு, வச்சுக்கிட்டோம்."

இரண்டு நாளாகத் தோளில் சுமந்த அரிசி மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. நான் யாரையும் ஏமாற்றவில்லை. பெயர் மட்டும் கொடுத்திருக்கிறேன். அதுவும் கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அங்கேயே நீல நோட்டைப் படித்தேன். சில இடங்களில் என் வரிகள் இல்லை. என் இலைச்செவியர் உச்சி வெயிலில், வலப்புறத்திலிருந்து மரம் வெட்டியிருந்தார்கள். சரசக்காவின் நோட்டில் விடியற்காலையில், இடப்புறத்திலிருந்து வெட்டினார்கள். எழுதுகிறவளுக்கே உரிய ஆங்காரம் சுள்ளென்று வந்தது. அன்று காலையில் கண்ணால் பார்த்தது நினைவு வந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டது. ஆனால் கடைசி அத்தியாயம் வேறு விஷயம். இலைச்செவியர் பாலை மறைத்துப் பொய் சொன்னதற்காக, வானிறுத்தி நாற்பது நாள் விடியலிலேயே மழையை அவிழ்த்துவிடுவாள் என்று எழுதியிருந்தேன். என் கதையின் உச்சம் அது. நீல நோட்டில் அது இல்லை.

"அத எழுத கை வரல," என்றார் சரசக்கா. "நாப்பது நாள் விடியக்காலத்துல மழைன்னா என்னத்த திங்கிறது? தப்பு பண்ணா திட்டட்டும். மழைய பதினோரு மணிக்கு மேல விடட்டும். கோவமா?"

கோபம் இல்லை. மழை என்றால் கொடியில் காயும் துணி என்று மட்டும் தெரிந்தவள் எழுதிய தண்டனை அது. பட்டினி எவ்வளவு பெரிது என்று தெரியாமல் கொடுத்துவிட்டேன். அதை மறுபடி எழுதிச் சேர்க்கும் எண்ணமே எழவில்லை.

நீல நோட்டை எனக்குக் கொடுத்தார். புத்தகமானதும் முதல் பிரதி மூன்றாம் லயத்துக்கு என்று சொன்னேன். கரையான் தின்ற மிச்சத்தைப் புது டின்னில் போட்டுக் கல்லடியில் வைத்துக்கொள்ளக் கேட்டார், சரி என்றேன். கடைசிப் பக்கத்தில் சரசு என்ற பெயருக்குக் கீழே என் பெயரை எழுதச் சொன்னார். பிலோமினா, சுங்கை பட்டாணி என்று எழுதினேன். அவர் அதை உரக்கப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் காத்திருந்தார். "இருக்கேன்," என்றேன்.

மதியம் 12.10. தோட்டத்து லாரி என்னைக் கோலா கெத்தில் கடைத்தெருவில் இறக்கிவிட்டது. கீழே கால் வைத்ததும் மழை கொட்டத் தொடங்கியது. நோட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு கடை வாசலில் ஒதுங்கினேன். பக்கத்தில் ஒதுங்கி நின்ற முதியவர் தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்து, "பால எடுத்திருப்பாங்களான்னு தெரியலியே," என்றார்.

"எடுத்துட்டாங்க ஐயா. எடுக்குற வரைக்கும் வானிறுத்தி விடல."

அவர் தலையாட்டிக்கொண்டார். நான் மெல்லக் கையை உயர்த்திக் காதைத் தொட்டுப் பார்த்தேன். மடங்கவில்லை.